சுருளிமலையில் யான் கற்ற வேட்டை

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார் நடத்திய கட்டுரைப் போட்டியில், ‘குறிஞ்சி நிலத்து வேட்டை’ என்னும் பொருள்பற்றி யான் எழுதிய கட்டுரைக்கு முதற் பரிசு கிடைத்தது. நண்பர் பலர் அதனைப் படித்துப் பாராட்டினர். ஆசிரியப் பெருமக்களும் தட்டிக் கொடுத்தனர். அக்கட்டுரையிலே, ‘கம்பம் பள்ளத்தாக்கின் மலைகளில் வாழும் பளியர், சங்க காலத்து வேட்டுவரைப்போல இன்றும் வில்லும் கணையும் ஏந்திக் கானகத்தே திரிகின்றனர்’ என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அதனை யான் கண்டும் எழுதினேனல்லேன்; கேட்டும் எழுதினேனல்லேன். ஓசை நன்றாயிருந்தது, எழுதிவிட்டேன். அவ்வொரு வாக்கியத்தின் கதையே இக்கட்டுரை.

சித்திரை விடுமுறையில் என் பெரியப்பா அவர்களின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர்கள் சுருளிப்பட்டியிலே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கின்றனர். அவ்வூரைக் காணாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலையில் உள்ளது அவ்வூர். எம்மருங்கும் கல்தூண் நட்டுக் கம்பி வலை கட்டிய பந்தல்கள். அவற்றினின்று கருநீலக் குலைகள் தலைக்குமேல் தொங்கும். 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டிற்குக் கொணர்ந்தது இப்பன்னீர்த் திராட்சை என்பர். 2023ஆம் ஆண்டில் ‘கம்பம் பன்னீர்த் திராட்சை’ புவிசார் குறியீடும் பெற்றது. 1895ஆம் ஆண்டில் முடிந்த பெரியாற்று அணையின் புண்ணியத்தால் பள்ளத்தாக்கின் நடுவே நீர் வற்றாது ஓடுகின்றது. பந்தல் முடியுமிடத்திற் கரடு தொடங்கும். கரடு முடியுமிடத்தில் மலை தொடங்கும். அம்மலை 2021ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது.

வந்த மறுநாளே யான் ஒரு வில் செய்யத் தொடங்கினேன். கொல்லைப்புறத்து மூங்கிலைப் பிளந்து, நைலான் கயிற்றை நாணாகப் பூட்டி, நாணற்றட்டையிற் கணைகள் செய்துகொண்டேன். பதினைந்தடித் தூரத்தில் நின்ற வாழைமரத்தின்மேல் ஐந்து கணை எய்தேன். ஒன்று பட்டது; அதுவும் தைக்கவில்லை. ஓரம்பினால் யானையையும், புலியையும், மானையும், பன்றியையும், புற்றிலிருந்த உடும்பையும் ஊடுருவ எய்தான் கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி என்று புறநானூற்றிலே பாடம் கேட்டவன் யான். வாழைமரம் என்னைப் பார்த்து நகைப்பதுபோலத் தோன்றியது.

உண்மையில் நகைத்தவர் வேறொருவர். பெரியப்பாவின் தோட்டத்திற் காய் பறிக்கும் நாளில் வேலைக்கு வரும் பளியப் பெரியவர் ஒருவர் வேலியோரத்தில் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. யான் வில்லை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"தாத்தா, உங்கள் வில் எப்படி இருக்கும்? இப்படித்தானே?" என்று கேட்டேன்.

"வில்லா?" என்றார் அவர். "அதெல்லாம் ராசாமாரு வச்சிருந்தது தம்பி. எங்களுக்கு ஏது வில்லு? எங்களுக்குக் கிழங்கு தோண்டுற கோல்தான்."

என் பரிசுக் கட்டுரை அந்த வேலியோரத்திலேயே வீழ்ந்துபட்டது. வெட்கத்தை மறைப்பதற்காக, "அப்படியானால் வேட்டை எதைக்கொண்டு ஆடினீர்கள்?" என்று தொடுத்தேன். வேட்டை என்னும் சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மூடிக்கொண்டது. விடை கூறாமற் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு பெரியப்பா எனக்கு விளக்கிச் சொன்னார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிற்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டு மக்களுக்குத் தேன், கிழங்கு முதலிய சிறு விளைபொருள்கள்மீது உரிமை நல்கிற்று. ஆயினும் மரபுவழி உரிமைகளுள் வேட்டையை மட்டும் வெளிப்படையாய் விலக்கிவைத்தது. "உனக்கு அது கட்டுரைப் பொருள்; அவருக்கு அது வழக்குப் பொருள். ஊர் பேர் தெரியாத பையன் ஒருவன் வில்லோடு வந்து வேட்டையைப்பற்றிக் கேட்டால் என்ன நினைப்பார்?" என்றார்கள். யான் அதனைச் சிறிதும் எண்ணிப் பார்த்தவனல்லேன்.

மூன்றாம் நாள் பெரியவரே வந்தார். பேரனை அழைத்துக்கொண்டு கிழங்குக்குப் போவதாகவும், விருப்பமிருந்தால் யானும் வரலாம் என்றும் பெரியப்பாவிடம் கூறினார். பெரியப்பா வனத்துறையாரிடம் அனுமதி வாங்கினார்கள். காட்டின் ஓரத்தளவே செல்லலாம், வில் கவண் முதலிய எதுவும் கொண்டு போகலாகாது, தீ மூட்டலாகாது என்பன நிபந்தனைகள். வில் திண்ணையிலேயே தங்கிற்று. யான் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டேன்.

விடியுமுன் புறப்பட்டோம். முன்னே பெரியவர், அவர்க்குப் பின் பன்னிரண்டு வயதிருக்கும் பேரன், அவனுக்குப் பின் யான், கடைசியிற் பெரியப்பா. யான் வாய் ஓயாது வினாக்கள் தொடுத்தவண்ணம் சென்றேன். பெரியவர் ஒன்றற்கும் விடை கூறவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு முறை திரும்பி, "சோப்பு வாசம் நமக்கு முன்னாடி போகுது தம்பி" என்று மட்டும் சொன்னார். அதன்பின் யான் பேசவில்லை. பேச்சு நின்ற பிறகுதான், அவர் ஒவ்வோரிடத்தும் ஏதோ செய்துகொண்டே போவதைக் கண்டேன். ஓரிடத்திற் குனிந்து ஒரு பிடி புழுதியை எடுத்து விரலிடுக்கில் ஒழுகவிட்டார். அது எத்திசையிற் சாய்கின்றதென்று பார்த்து, பாதையை விட்டு வலப்பக்கம் சுற்றி நடந்தார். காற்று நம்மிடமிருந்து விலங்கை நோக்கி வீசினால் அன்றைய நடை வீண் என்பது அச்செயலின் பொருள்.

மற்றோரிடத்தில் மணலிற் பதிந்திருந்த இரு குளம்படிகளுக்கு முன் நின்றார். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தோன்றின. பேரன் ஒன்றைக் கால்விரலாற் சுட்டி, "இது பழசு" என்றான். எங்ஙனம் அறிந்தான் என்று உற்று நோக்கினேன். அச்சுவட்டின் நடுவே குழியானை தன் சிறு கூம்புக் குழியைப் பறித்து வைத்திருந்தது. மற்றதன் விளிம்போ கத்தியால் அறுத்ததுபோல் நின்றது. ஓர் உயிர் நடந்து போன காலத்தை மற்றோர் உயிரின் வீட்டைக்கொண்டு அளக்கும் அவ்வித்தையை யான் எந்நூலிலும் படித்தேனல்லேன். பெரியவர் அவனுக்கு அதனைச் சொல்லிக் கொடுத்ததையும் யான் காணவில்லை. அவர் நின்றார், அவன் பார்த்தான், அவ்வளவே.

கொடி காய்ந்துபோன ஓரிடத்தில் இருவரும் அமர்ந்து, இரும்புப் பூணிட்ட கோலால் மண்ணைக் கிளறி வள்ளிக்கிழங்கு தோண்டினர். ஒரு முழ ஆழம் சென்றபின் கிழங்கு அகப்பட்டது. தலைப்பக்கத்துத் துண்டைக் கொடியோடு விட்டுவைத்து மீண்டும் மண்ணை மூடினார் பெரியவர். அடுத்த மழைக்கு அது தழைக்குமாம்.

அதன்பின் ஓர் ஓடைச் சரிவில் அமர்ந்தோம். எங்கோ நாய் குரைத்தது. காட்டுக்குள் நாய் ஏது என்று யான் திரும்புமுன், பேரன் என் கையைப் பற்றி அழுத்தினான். நாயன்று, கேளையாடு. எம்மையன்று, வேறெதனையோ கண்டு குரைத்ததாம். சிறிது பொழுது கழிந்தது. எதிர்ச்சரிவின் புதரினின்று பெண் கடமான் ஒன்று வெளிப்பட்டு ஓடையிற் கிடந்த சிறு குட்டையில் வாய் வைத்தது. இருபது இருபத்தைந்து அடித் தூரமே இருக்கும். அதன் காதிலிருந்த ஈயை யான் கண்டேன். அக்கணத்தில் என் இடக்கை தானாகவே மடங்கி, இல்லாத வில்லொன்றைப் பற்றிக்கொண்டதை உணர்ந்தேன். வாழைமரத்தைத் தப்பவிட்டவன் யான். ஆயினும் இதனைத் தப்பவிட மாட்டேன் என்று என் உள்ளம் துள்ளிற்று. அஃது எனக்கே அச்சத்தைத் தந்தது. மூச்சு விட்டேன் போலும். கடமான் தலையை நிமிர்த்து, வாலைத் தூக்கி, முன்காலால் தரையை ஓங்கி மிதித்து, மணியடித்தாற்போல் ஒரு குரல் எழுப்பிவிட்டு மறைந்தது.

"ஒரு கடமானைக் கண்டேன் பெரியப்பா!" என்றேன், குரல் நடுங்க.

"ரெண்டு" என்றான் பேரன். "குட்டி அந்தக் கல்லுக்குப் பின்னாலே நின்னுச்சு."

அக்குட்டியை யான் காணவேயில்லை. கண் இரண்டும் திறந்திருந்தும் என் கையடக்கத்துக்குரிய இலக்கை மட்டுமே கண்டேன். வில் திண்ணையில் தங்கியது என் நற்பேறு.

பாறையொன்றில் அமர்ந்து வீட்டிலிருந்து கொணர்ந்த அவித்த கிழங்கை உண்டோம். யான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். பெரியவர் பார்வை அதன்மேல் விழுந்தது. "எழுதினா யாரோ படிப்பாங்க. படிச்சவங்க இங்கே வருவாங்க" என்றார். பெரியப்பா என்னை நோக்கினார்கள். யான் புத்தகத்தை மூடிப் பையினுள் வைத்துக் கட்டினேன். அதன்பின்னரே அவர் பேசினார். ஆகவே, அவர் கூறியவற்றுள், எழுதலாம் என்று அவரே பின்னர் விடைகொடுத்தவற்றை மட்டும் ஈண்டு எழுதுகின்றேன்.

அவருடைய பாட்டனார் காலத்தில் நாயும் கோலும் அரிவாளுமே கருவிகளாம். நாளெல்லாம் தேடியும் ஒன்றும் அகப்படாத நாள்களே மிகுதியாம். கிழங்கே சோறு, கறி என்பது எப்போதோ ஒருமுறை. கிடைத்தால் இலைகளின்மேல் கூறு கூறாக வைப்பர். ஒரு கூறு பெரிதாகத் தோன்றினால் ஒரு துண்டை எடுத்து மற்றதில் வைப்பர். எல்லாம் ஒத்திருக்கின்றன என்று எல்லாரும் ஒப்பும் வரையில் எவரும் தொடார். விரட்டியவனுக்கும் வீழ்த்தியவனுக்கும் ஒரே கூறு. "யார் உங்களுக்கு வேட்டை சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "யாரு சொல்லித் தருவா? கூடப் போனோம், பாத்தோம்" என்றார்.

கல்லூரி திரும்பியபின் நூலகத்தில் இச்செய்தியைத் தேடினேன். கட்டுரை எழுதுமுன் செய்யவேண்டியதைக் கட்டுரை பரிசு பெற்றபின் செய்தேன். பளியரைப்பற்றித் தாமென் என்னும் இயேசு சபைக் குருவானவர் 1908ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் 1962ஆம் ஆண்டு முதல் அவரிடையே தங்கி ஆராய்ந்து, 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பளியர் ஒருவர்க்கொருவர் பாடம் புகட்டுவதில்லை, ஒவ்வொருவரும் தாம் கண்டு பட்டறிந்ததையே அறிவாகக் கொள்வர், பிறரை அடக்குவதும் போட்டியிடுவதும் அவர்க்கு ஆகாதன என்று காட்டுகின்றார். இறைச்சியைக் கூறு வைக்கும் மக்கள் அறிவைக் கூறு வைப்பதில்லை, உடன்வருபவனுக்கு மறைப்பதுமில்லை.

வேட்டையறிவைப் பிறர்க்கு ஈந்தவர் கதைகள் இரண்டினையும் அப்போது படித்தேன். முதலாவது நம் நாட்டினது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரியாகிய ஜேம்ஸ் வெல்ஷ், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்பித்தவர் சிவகங்கை மருது சகோதரருள் ஒருவரே என்று 1830ஆம் ஆண்டில் வெளியான தம் நினைவுக் குறிப்பிலே எழுதியுள்ளார். அவ்வெல்ஷ் பின்னர் அச்சகோதரர்க்கெதிரான படையெடுப்பிற் சேர்ந்திருந்தார். 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மான் முயல் வேட்டைக்குரிய வளரியின் வித்தையை நட்பினாற் கற்பித்த கைகளின் முடிவு அது.

இரண்டாவது அமெரிக்க நாட்டினது. 1911ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மலைகளினின்று, தம் இனத்தார் அனைவரையும் இழந்த யாகி மனிதர் ஒருவர் தன்னந்தனியராய் வெளிவந்தார். தம் பெயரை அவர் எவர்க்கும் உரைக்கவில்லை. ஆகவே அவருடைய மொழியில் ‘மனிதன்’ என்னும் பொருள்படும் ‘இஷி’ என்பதனால் அவரை அழைத்தனர். அவர் சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவருக்கு வில் செய்யவும், நாண் முறுக்கவும், காற்றறிந்து மானை அணுகவும் கற்பித்தார். 1916ஆம் ஆண்டில் காசநோயால் இறந்தார். போப் 1923ஆம் ஆண்டில் எழுதிய நூலினால் அவ்வறிவு பரவிற்று. இன்று அந்நாட்டில் மரபு வில்லோடு வேட்டைக்குப் போவோர் பலர்க்கும் அதுவே தொடக்கம். கொன்றழிக்கப்பட்ட ஓரினத்தின் கல்வி, அவ்வினத்தை அழித்தவரின் மக்களுக்குப் பொழுதுபோக்காயிற்று. ‘படிச்சவங்க இங்கே வருவாங்க’ என்ற பெரியவரின் சொல் அறியாமையினாற் பிறந்த அச்சமன்று என்பதை இவ்விரு கதைகளும் எனக்குத் தெளிவித்தன.

அங்ஙனமாயின் அவ்வறிவு அழிந்து போகலாமோ எனின், அதுவும் ஆகாது. 2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ‘அரிக்கொம்பன்’ என்னும் காட்டு யானை கேரளத்தினின்று வந்து கம்பம் நகருக்குள் புகுந்ததும், பின்னர்ச் சுருளிப்பட்டிப் பக்கத்து மலையடிவாரங்களில் உலவியதும் நண்பர் அறிவர். அவ்வமயம் தோட்டங்களுக்குச் செல்ல அஞ்சி ஊரார் வீட்டினுள்ளே கிடந்தனர் என்று பெரியப்பா கூறினார்கள். யானையின் தடம் பற்றிச் செல்ல முதுமலையிலிருந்து பழங்குடியினர் வரவழைக்கப்பட்டனர். ஜூன் 5ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி அதனைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டிற் கொண்டுபோய் விட்டனர். அதற்கும் வேட்டையறிவே வேண்டியிருந்தது: காற்றறிதல், சுவடறிதல், அணுகுதல், குறி தவறாமை. ஆனால் அக்கணை பட்ட விலங்கு மீண்டும் எழுந்து நடந்தது. பெரியவருடைய பேரன் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கின்றான். என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்டதற்கு, வேட்டைத் தடுப்புக் காவலர் வேலை என்றான். பாட்டனாரிடம் பெற்ற கண்ணுக்கு அதனினும் தக்க தொழில் யாது?

இனி என் செய்திக்கு வருகின்றேன். ஈசாக்கு தம் மூத்த குமாரனாகிய ஏசாவை அழைத்து, அம்பறாத்தூணியையும் வில்லையும் எடுத்துக்கொண்டு வேட்டையாடி வரும்படி சொன்ன வரலாறு ஆதியாகமத்தில் உண்டு. ஏசா வனத்தில் அலைந்து கொண்டிருக்கையில், யாக்கோபு வீட்டு ஆட்டுக்குட்டியின் இறைச்சியை வேட்டைக்கறியென்று தந்தைமுன் வைத்து ஆசீர்வாதத்தைப் பெற்றுக்கொண்டான். சிறுவயது முதல் ஞாயிறு பள்ளியில் இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் யான் ஏசாவுக்காக இரங்கியிருக்கின்றேன். சுருளிமலையிலிருந்து இறங்கிய அன்று மாலையிலேதான் அக்கதையில் யான் யாரென்பது தெரிந்தது. மலையேறாமலே, நூலகத்துத் தொழுவத்தில் நின்ற ஆட்டுக்குட்டியைச் சமைத்து, வேட்டைக்கறி என்று கல்லூரியார்முன் வைத்துப் பரிசைப் பெற்றவன் யான். அம்மட்டோ? உயிருள்ள மக்களைப்பற்றி இல்லாத ஒன்றைச் சொன்னேன். பளியர் இன்றும் வில்லேந்தி வேட்டையாடுகின்றனர் என்பது எனக்கு அலங்காரம். அவர்க்கோ சட்டப்படி ஒரு குற்றச்சாட்டு. அவ்வாக்கியத்தை உண்மையென்று கொள்ளும் அதிகாரி ஒருவர் கையில் அது கிடைத்தால் யாது நேரும் என்று எண்ணும்தோறும் உடல் கூசுகின்றது.

ஊருக்குப் புறப்படுமுன் பெரியவரைக் கண்டு, யான் எழுதியதையும் அதற்குப் பரிசு பெற்றதையும் ஒளியாது சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. "வில்லு நல்லா இருந்துச்சா கதையிலே?" என்று கேட்டுச் சிரித்தார். திருத்தி எழுத விரும்புகின்றேன், உங்களைப்பற்றி எழுதலாமா என்று கேட்டேன். சற்று நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாத்ததை எழுது. என் பேரை எழுதாதே. மலை பேரை எழுதிக்கோ" என்றார். எவ்வெவற்றை எழுதலாம், எவற்றை எழுதலாகாது என்பதையும் வகுத்துக் கூறினார். அவ்வெல்லையை யான் கடக்கவில்லை.

கல்லூரி திறந்தபின் பரிசாகப் பெற்ற நூலை எடுத்துக்கொண்டு எம் தமிழ்ப் பேராசிரியரிடம் சென்று நிகழ்ந்ததைக் கூறினேன். அவர்கள் நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். "பிழை அச்சேறிய இடத்திலேயே திருத்தமும் அச்சேறட்டும்" என்றார்கள். அவர்கள் கட்டளைப்படி இதனை எழுதினேன். சென்ற ஆண்டு மலரை வைத்திருக்கும் அன்பர்கள், என் கட்டுரையில் மேற்குறித்த வாக்கியத்தை மைகொண்டு அடித்துவிடும்படி பணிவுடன் வேண்டுகின்றேன். அவ்விடத்தில் வேறொன்று எழுத விரும்புவோர், ‘சுருளிமலையில் ஒரு சிறுவன் கடமானையும் அதன் குட்டியையும் கண்டான், உடனிருந்த கல்லூரி மாணவன் கடமானை மட்டுமே கண்டான்’ என்று எழுதிக்கொள்ளலாம். அது யான் நேரிற் கண்டறிந்தது.